ஃபெஸ் பழைய நகரைப் பார்க்க: தனி வழிகாட்டியா, குழு நடையா, நாமே நடப்பதா?

மொராக்கோவுக்கு எட்டு, பத்து நாள் பயணமாகப் போகிறவர்கள் ஃபெஸ் நகருக்கு இரண்டு இரவுகளுக்கு மேல் ஒதுக்குவது அரிது. காசபிளாங்காவில் இறங்கி, மராகெஷையும் பாலைவனத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் ஃபெஸ் பலருக்கும் வந்து சேருகிறது. அங்கே கையில் இருப்பது ஒன்றரை நாள்தான் என்னும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஃபெஸ் அல் பாலி எனப்படும் பழைய நகரை உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரைத் தனியாக அமர்த்திப் பார்ப்பதா, முன்பின் அறியாதவர்களோடு குழு நடையில் சேர்வதா, வேறு நகரத்தில் தங்கிக்கொண்டு காரில் வந்து ஒரே நாளில் திரும்புவதா, அல்லது யாருடைய துணையும் இல்லாமல் நாமே நடப்பதா? இந்த நான்கையும் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான விடையே கிடைக்கும். அந்த நகரம் எப்படி அமைந்திருக்கிறது, அங்கே வழிகாட்டித் தொழிலுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகே எது நமக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும்.

முதலில் நகரம். ஃபெஸ் ஆற்றின் இருபுறமும் சரிந்து இறங்கும் பள்ளத்தாக்கு ஊர். முதலாம் இத்ரீஸ் 789இல் ஒரு கரையில் ஊரைத் தொடங்கினார். அவருடைய மகன் இரண்டாம் இத்ரீஸ் 809 வாக்கில் எதிர்க்கரையில் இன்னோர் ஊரை எழுப்பினார். சில ஆண்டுகளுக்குள் கொர்தோபாவிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்தலூசியர்கள் கிழக்குக் கரையிலும், இன்றைய துனிசியாவின் கைரவானிலிருந்து வந்த குடும்பங்கள் மேற்குக் கரையிலும் குடியேறினார்கள். 11ஆம் நூற்றாண்டில் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் என்ற அல்மொராவித் அரசர் இரண்டையும் ஒரே மதிலுக்குள் சேர்க்கும் வரை அவை இரண்டு ஊர்களாகவே இருந்தன. 1276இல் மரினித் அரசர்கள் மேற்கே உயரமான தரையில் அரண்மனையோடு கூடிய புதிய நகரைக் கட்டினார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அதன் பெயர் ஃபெஸ் அல் ஜதீத், அதாவது புதிய ஃபெஸ். 1912இல் பிரெஞ்சு ஆட்சி வந்தபோது தளபதி லியோத்தே பழைய நகரை இடிக்காமல் விட்டுவிட்டு, அகன்ற சாலைகள் கொண்ட மூன்றாவது நகரை வெளியே அமைக்கச் செய்தார். தலைநகரமும் ரபாத்துக்குப் போனது. ஆட்சியின் நோக்கம் எதுவாக இருந்தாலும், மதிலுக்குள் இருந்த சந்துகள் கார் நுழைய முடியாத அகலத்திலேயே தப்பிப் பிழைத்தன. ஏறத்தாழ 280 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பழைய நகரை 1981இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்றும் உள்ளே சரக்கு ஏற்றிச் செல்வது கோவேறு கழுதையும் கைவண்டியும்தான்.

இந்த அமைப்பிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. "வழிகாட்டி இல்லாவிட்டால் தொலைந்துபோவீர்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஃபெஸ்ஸில் தொலைவது அவ்வளவு பெரிய இடர் அல்ல. மேற்கு முனையில் இருக்கும் பாப் பூஜ்லூத் என்ற நீலக் கோட்டைவாசல் (வெளிப்புறம் நீலம், உட்புறம் பச்சை; 1913இல் கட்டப்பட்டது) உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாலா கபீரா, தாலா ஸகீரா என்ற இரண்டு முதன்மைத் தெருக்கள் ஏறக்குறைய இணையாகக் கீழே இறங்கி, நகரின் நடுவிலுள்ள கரவிய்யீன் பள்ளிவாசலின் சுற்றுப்புறத்தை அடைகின்றன. அதற்கும் கீழே ஆற்றோரம் ர்ஸீஃப் சதுக்கம். அங்கே டாக்சி வரும். ஆகவே வழி தவறினால் இறக்கத்தில் நடந்தால் ர்ஸீஃப், ஏற்றத்தில் நடந்தால் பூஜ்லூத் பக்கம் என்ற ஒரே விதி பெரும்பாலும் காப்பாற்றிவிடும். தெருமுனைகளில் நிறம் பிரித்து வைத்த சுற்றுலாப் பலகைகளும் இருக்கின்றன. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைபேசி வரைபடம் அவ்வப்போது தடுமாறும் என்பது உண்மைதான். அதை முழுவதும் நம்பாமல், தங்கும் விடுதியின் பெயரையும் அதற்கு அருகிலுள்ள கோட்டைவாசலின் பெயரையும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

அப்படியானால் வழிகாட்டி எதற்கு? வழி காட்டுவதற்கு அல்ல என்பதே என் பதில். ஃபெஸ் வெளியே எதையும் காட்டிக்கொள்ளாத ஊர். வீடுகள் தெருவுக்குச் சன்னலற்ற வெறும் சுவரைத் திருப்பிவிட்டு, உள்ளே முற்றத்தை நோக்கி வாழ்கின்றன. அரை மணி நேரம் நடந்தும் ஒருவர் பார்த்தது சுண்ணாம்புச் சுவர்களும் ஆணி பதித்த கதவுகளும் மட்டுமாக இருக்கக்கூடும். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு பள்ளிவாசல், குழந்தைகள் ஓதும் பள்ளி, நீர்க்குழாய் மாடம், பொதுக் குளியலிடம், பொது அடுப்பு ஆகியவை இருக்கும் என்பது தெரிந்தவருக்குத்தான், சுவரில் இருக்கும் ஒரு தாழ்ந்த கதவுக்குப் பின்னால் ஃபர்ரான் எனப்படும் அந்த அடுப்பு எரிகிறது என்பது புலப்படும். வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணி போர்த்திக் குழந்தைகள் அங்கே கொண்டுவருவதும், எந்தப் பலகை எந்த வீட்டினுடையது என்பதை அடுப்புக்காரர் நினைவில் வைத்திருப்பதும் எந்த நினைவுச்சின்னத்துக்கும் குறைந்த காட்சி அல்ல. இதை வரைபடம் காட்டாது.

பூ இனானியா மதரசாவையே எடுத்துக்கொள்வோம். சுல்தான் அபூ இனான் 1350களின் முதற்பாதியில் கட்டிய இந்தக் கல்விக்கூடம் தாலா கபீராவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தி யாரும் உள்ளே போகலாம். கீழே ஸெல்லீஜ் எனப்படும், வெட்டிப் பதித்த மெருகிட்ட சுடுமண் ஓடுகள், அதற்கு மேல் சுதைச் செதுக்கல், அதற்கும் மேல் தேவதாரு மரவேலை என்று சுவர் மூன்று அடுக்காக உயர்வதைத் தனியாகப் போகிறவரும் கண்டு வியப்பார். வெளியே தெருவின் எதிர்ச்சுவரில் நீண்டுகொண்டிருக்கும் மரக்கட்டைகளும் அவற்றின் மேலுள்ள 12 சிறு சன்னல்களும் 1357இல் அமைந்த நீர்க்கடிகாரத்தின் எச்சம் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். தமிழ் வாசகருக்கு இன்னொன்றும் சொல்லப்பட வேண்டும். மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த பயணி இப்னு பதூதா இலங்கையில் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, சிவனொளிபாத மலை ஏறி, மதுரை சுல்தானின் அவையில் உறவினராக இருந்து, அந்த ஊரைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனதைக் கண்டவர். அவர் தம் பயணங்களையெல்லாம் ஃபெஸ்ஸில் அமர்ந்துதான் இப்னு ஜுஸய்ய் என்ற எழுத்தருக்குச் சொல்லி எழுதுவித்தார். அந்தப் பணி 1355இன் இறுதியில் நிறைவெய்தியது. அதற்கு ஆணையிட்டவர் இதே அபூ இனான். 14ஆம் நூற்றாண்டு மதுரையைக் கண்ணால் கண்டு சொன்ன வாக்குமூலம் ஏட்டில் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இந்த முற்றத்தின் சுதைவேலையும் நடந்திருக்கிறது. இதை அறிந்து அங்கே நிற்பதும் அறியாமல் நிற்பதும் ஒன்றாகாது. வழிகாட்டிக்கு மதுரை தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்னு பதூதாவைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்லத் தொடங்குவார். மீதியை நாம் இணைத்துக்கொள்ளலாம்.

இனி ஒவ்வொரு தெரிவாகப் பார்க்கலாம்.

தானாக நடப்பதன் பெரிய வரவு நேரம் நம் கையில் இருப்பது. ஸஃபாரீன் சதுக்கத்தில் கன்னார்கள் செம்புப் பாத்திரத்தைச் சுத்தியால் தட்டி உருவாக்கும் ஓசையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால், எந்த வழிகாட்டியோடும் அது இயலாது. அத்தாரீன் மதரசா (1325இல் முடிந்தது, அளவில் சிறியது, வேலைப்பாட்டில் பூ இனானியாவுக்கு இணையானது), நஜ்ஜாரீன் சத்திரத்திலுள்ள மரக்கலை அருங்காட்சியகம், ஜ்னான் ஸ்பீல் தோட்டம் ஆகிய மூன்றையும் யாருடைய உதவியும் இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம். செலவு என்பது நுழைவுக் கட்டணங்கள் மட்டுமே. குறை என்னவென்றால், சந்துகளில் நம்மை மறித்துப் பேசுகிறவர்கள். "அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது", "இன்றைக்கு மட்டும் தோல் பதனிடும் தொட்டி திறந்திருக்கிறது", "நான் வழிகாட்டி இல்லை, மாணவன்" என்று தொடங்கி, சிறிது தூரம் கூடவே நடந்துவிட்டுப் பணம் கேட்பவர்கள் முன்னைவிடக் குறைந்திருக்கிறார்கள், ஆனால் மறைந்துவிடவில்லை. உறுதியாக, புன்னகையோடு, நிற்காமல் மறுத்துவிட்டு நடப்பதே வழி. மறுப்பது மனத்துக்குச் சங்கடமாக இருப்பவர்களுக்கும், தனியாகப் பயணம் செய்யும் பெண்களில் சிலருக்கும், இந்த ஒரு காரணமே முதல் நாள் வழிகாட்டியை அமர்த்தப் போதுமானது. உள்ளூரார் ஒருவர் நம்மோடு நடந்தால் யாரும் வந்து மறிப்பதில்லை.

குழு நடை என்பது பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து ஒருவர் அழைத்துச் செல்வது. ஒற்றை ஆளாகப் பயணம் செய்பவருக்கு இது மலிவு, பேச்சுத்துணையும் கிடைக்கும். மற்றவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். ஃபெஸ்ஸின் பல சந்துகளில் இருவர் சேர்ந்து நடக்க முடியாது. வரிசையின் முன்னால் நிற்கும் வழிகாட்டி சொல்வது கடைசியில் நிற்பவருக்கு எட்டாது. நடுவில் "பாலக்! பாலக்!" (வழிவிடுங்கள்) என்று கூவிக்கொண்டு ஒருவர் சுமையேற்றிய கழுதையை ஓட்டி வந்தால் குழு இரண்டாகப் பிரிந்து, கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் தேடுவதில் போகும். அந்த ஊர்க்காரர்களின் நிலையிலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் நகரத்தின் மூன்றடிச் சந்தில் பதினைந்து பேர் நின்று படம் எடுப்பது அவர்களுடைய அன்றாட வேலைக்கு இடைஞ்சல். இலவச நடை என்று விளம்பரம் செய்து முடிவில் அன்பளிப்பை எதிர்பார்க்கும் வகையும் உண்டு. அதில் சேருகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும்: நடத்துபவரிடம் அரசு உரிமம் இருக்கிறதா, நடை எந்தக் கடையில் போய் முடிகிறது.

கடை என்ற இந்தச் சொல்லில்தான் முழு ஒப்பீடும் தங்கியிருக்கிறது. ஆகவே இங்கே சற்று நின்று பேச வேண்டும். மொராக்கோவில் வழிகாட்டித் தொழில் சட்டத்தால் ஒழுங்கு செய்யப்பட்டது. 2012இல் வந்த 05-12 எண்ணுள்ள சட்டம் நகரங்களுக்கும் சுற்றுலாத் தடங்களுக்கும் உரிய வழிகாட்டிகளையும், மலை முதலிய இயற்கைப் பகுதிகளுக்கு உரியவர்களையும் தனித்தனியே வகைப்படுத்துகிறது. உரிமம் பெற்றவர் சுற்றுலா அமைச்சகம் வழங்கிய, ஒளிப்படம் உள்ள அட்டையை அணிந்திருப்பார். கேட்டால் தயங்காமல் காட்டுவார். அவர்களில் மிகுந்த படிப்பாளிகளும் இருக்கிறார்கள்; பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானியம் என்று மூன்று நான்கு மொழிகளில் கட்டடக் கலையை விளக்கக் கூடியவர்கள் அவர்கள். ஆனால் உரிமம் உள்ளவரானாலும் இல்லாதவரானாலும், கடைக்கு ஆள் அழைத்து வந்தால் விற்பனையில் ஒரு பங்கு வழிகாட்டிக்குப் போகும் பழக்கம் அந்த ஊரில் ஊன்றியிருக்கிறது. நாம் கொடுக்கும் விலையிலேயே அந்தப் பங்கு சேர்ந்திருக்கிறது. எனவே வழிகாட்டியின் கட்டணம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அந்தக் குறையைக் கடைகள் ஈடுசெய்வதாகக் கொள்வது பிழையாகாது. கம்பளக் கடையில் புதினாத் தேநீரோடு முக்கால் மணி, தோல் கடையில் அரை மணி, நெசவுக் கூடம், மூலிகைக் கடை, ஊருக்கு வெளியே ஐன் நுக்பியில் மட்பாண்டச் சாலை என்று சேர்த்தால், முழுநாள் சுற்றில் பாதி கடைகளுக்குள்ளேயே கழிந்துவிடும்.

கடை என்றாலே தீமை என்று சொல்லவில்லை. ஃபெஸ் கைவினைஞர்களின் நகரம். அவர்களுடைய வேலையைப் பார்க்காமல் மதரசாக்களை மட்டும் பார்த்துத் திரும்புவது அரைகுறைப் பார்வை. ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால், சுற்றிலும் இருக்கும் தோல் கடைகளின் மேல்மாடங்களுக்குத்தான் போக வேண்டும். கடையைக் கடக்காமல் அந்தக் காட்சி இல்லை. கீழே தேன்கூடு போலக் கல்தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும், தோலை மிருதுவாக்கும் புறா எச்சமும். அடுத்த வரிசைகளில் சாயங்கள். முழங்கால் அளவு இறங்கி நின்று தோலை மிதிக்கும் தொழிலாளிகளின் உழைப்பு பார்க்கிறவரின் மனத்தைக் கனக்கச் செய்யும். மூக்கருகே பிடித்துக்கொள்ளக் கடைக்காரர் ஒரு புதினாக் கொத்தைத் தருவார். பிறகு, கீழே இறங்கும் வழியில் காலணியும் மேற்சட்டையும் காட்டப்படும். வாங்கும் எண்ணம் இல்லாதவர் மாடத்தில் நின்று பார்த்ததற்காகச் சிறு தொகையைக் கொடுத்துவிட்டு வருவது இரு தரப்புக்கும் மரியாதை. இந்த ஒரு கடையை நம் விருப்பத்தோடு ஏற்றுக்கொள்ளலாம். நாம் கேட்காத நான்கு கடைகளைத்தான் தவிர்க்க வேண்டும்.

தவிர்ப்பது எப்படி என்றால், முன்கூட்டியே பேசிவிடுவதுதான். தனி வழிகாட்டியை அமர்த்தும்போது கட்டணம் ஆள் கணக்கில் அல்லாமல், அரைநாள் அல்லது முழுநாள் என்று மொத்தமாகப் பேசப்படும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் குழு நடையைவிடத் தனி வழிகாட்டி அதிகச் செலவாக இருக்கத் தேவையில்லை. சில சமயம் குறைவாகவும் அமையும். பேசும்போது மூன்றை எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்: எத்தனை மணி நேரம், உள்ளே நுழைந்து பார்க்கும் இடங்கள் எவை, கடைகளுக்குப் போவதாக இருந்தால் எந்தெந்தக் கடை. "நாங்கள் எதுவும் வாங்கப் போவதில்லை, தோல் தொட்டி மாடம் மட்டும் போதும். அதனால் உங்களுக்கு ஏற்படும் இழப்பைக் கட்டணத்திலேயே சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல வழிகாட்டி இதை வரவேற்பார், ஏனென்றால் அவருடைய அறிவுக்குக் கூலி கிடைக்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டதும் ஆர்வம் குறைகிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். தங்கும் விடுதி ஏற்பாடு செய்து தரும் வழிகாட்டிகளிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். விடுதி சொன்னது என்பதால் மட்டும் கடைச்சுற்று இல்லாமல் போகாது.

வேறு நகரத்திலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பும் ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. காசபிளாங்காவிலிருந்து ஃபெஸ் சாலைவழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ரயிலில் நான்கு மணி நேரம் அளவில் ஆகும். போகவர எட்டு மணி நேரம் போனால், மீதி நேரத்தில் நீலவாசல், அரண்மனைக் கதவுகள், தோல் தொட்டி, மதிய உணவு என்று தொட்டுவிட்டு ஓடத்தான் முடியும். ரபாத்திலிருந்து 200 கிலோமீட்டர் அளவுதான் என்பதால் அங்கே தங்கியிருப்பவர் விடியற்காலை ரயிலைப் பிடித்தால் ஓரளவு இயலும். மராகெஷிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். ரயிலில் ஏழு மணி நேரம் வரை ஆவதால் ஒருநாள் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெக்னெஸ் மட்டும் விதிவிலக்கு. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது மேல்: ஃபெஸ்ஸில் தங்கிக்கொண்டு, மெக்னெஸையும் ரோமானியர் காலத்து வொலுபிலிஸ் இடிபாடுகளையும் ஒரு நாளில் காரில் பார்த்துவிட்டு வரலாம். காரோட்டுநரும் வழிகாட்டியும் ஒருவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பல நாள் பயணத்துக்கு அமர்த்தும் காரோட்டுநர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், பழைய நகருக்குள் வழிகாட்டியாக நடக்க உரிமம் உள்ளவர் அல்லர். அவர் மதில் வாசலில் விட்டுவிட்டு வேறொருவரிடம் ஒப்படைப்பார். அந்த வேறொருவர் யார், அவருக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பயணம் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.

உணவு நடை, கைவினை நடை என்ற சிறப்புச் சுற்றுகளும் இருக்கின்றன. இரண்டாம் முறை ஃபெஸ்ஸுக்குப் போகிறவருக்கு அவை பொருந்தும். முதல் முறை போகிற, மரக்கறி மட்டும் உண்பவர்கள் உணவு நடைக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். சுவைக்கத் தருபவற்றில் பாதி இறைச்சியாக இருக்கும். காய்ந்த மொச்சையை அரைத்து ஆலிவ் எண்ணெய் விட்ட பிஸ்ஸாரா, உருளைக்கிழங்கு மாகூதா, ரொட்டி, ஆலிவ், பேரீச்சை ஆகியவற்றைத் தாமாகவே கடைவீதியில் வாங்கிவிடலாம்.

யூதர் பேட்டையான மெல்லாவைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மொராக்கோவில் முதல் மெல்லா 1438இல் இங்கேதான், ஃபெஸ் அல் ஜதீதில், அரண்மனையை ஒட்டி அமைந்தது. தெருவை நோக்கிய மர உப்பரிகைகளும், 17ஆம் நூற்றாண்டின் இப்னு தானான் ஜெபக்கூடமும், வெள்ளையடித்த அரைவட்டக் கல்லறைகள் நிறைந்த இடுகாடும் பழைய நகரிலிருந்து முற்றிலும் வேறான ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. முழுநாள் சுற்றுகளில் இது காரை நிறுத்தி இருபது நிமிடத்தில் முடிக்கும் இடமாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே வழிகாட்டியின் அரைநாளில் இதைத் திணிக்காமல், இரண்டாம் நாள் நாமே நிதானமாகப் போவது நல்லது. தெருக்கள் நேரானவை, வழி தவறாது.

முஸ்லிம் பயணிகளுக்கும் பிறருக்கும் இந்த ஒப்பீடு ஒரே மாதிரி அமையாது என்பதைப் பெரும்பாலான பயணக் குறிப்புகள் சொல்வதில்லை. மொராக்கோவின் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர் நுழைய முடியாது. கைரவான் குடும்பத்துப் பெண்மணி ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி 859இல் நிறுவினார் என்று மரபு சொல்லும் கரவிய்யீன் பள்ளிவாசலையும், இரண்டாம் இத்ரீஸ் அடங்கியுள்ள ஸாவியா எனும் சூஃபி ஆன்மிகக் கூடத்தையும் அவர்கள் வாசலில் நின்று எட்டித்தான் பார்க்கலாம். அவர்களுக்கு, கதவின் இடுக்கில் தெரியும் முற்றத்தை விரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வழிகாட்டியின் பயன் அங்கே மிகுதி. முஸ்லிம் வாசகர்களுக்கு நிலைமை வேறு. தொழுகைக்காக உள்ளே போய், உலகில் இடையறாது இயங்கிவரும் மிகப் பழைய உயர்கல்வி நிலையம் என்று பேசப்படும் அந்தத் தூண்களுக்கிடையே வேண்டிய மட்டும் உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்துக்கு வழிகாட்டி தேவையே இல்லை. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஸாவியாக்களில் ஓதி வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் புதிதும் அல்ல. அவர்கள் அறிந்த ஃபாஸிய்யா ஷாதுலிய்யா என்ற ஆன்மிக வழியின் பெயரிலுள்ள ஃபாஸி என்ற சொல்லுக்கு ஃபெஸ்ஸைச் சேர்ந்தவர் என்பதே பொருள்.

முதியவர்களோடு போகிறவர்கள் தூரத்தைக் காட்டிலும் சரிவைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். பூஜ்லூத்திலிருந்து கரவிய்யீன் வரை இறக்கம். கற்கள் பதித்த, சில இடங்களில் படிக்கட்டான, மழை பெய்தால் வழுக்கும் பாதை. வந்த வழியே திரும்பினால் முழு ஏற்றம். நல்ல வழிகாட்டி மேலிருந்து கீழாக மட்டும் அழைத்துச் சென்று ர்ஸீஃபில் டாக்சி ஏற்றிவிடுவார். சிவப்பு நிறச் சிறு டாக்சிகளில் மூன்று பேர்தான் ஏறலாம் என்பதால், நான்கு பேருக்கு இரண்டு வண்டி வேண்டும். குழு நடையில் முழங்கால் வலிக்காரருக்காக வேகம் குறையாது. தனி வழிகாட்டியோடு குறையும். பெற்றோரை அழைத்துச் செல்பவருக்கு இந்த ஒன்றே முடிவை எடுத்துக் கொடுத்துவிடும்.

நாளும் நேரமும் கட்டணத்தைவிடப் பெரிது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு பழைய நகரில் பெரும்பாலான கடைகளும் பட்டறைகளும் அடைத்திருக்கும். அன்று வழிகாட்டியை அமர்த்தினால் கைவினைஞர்களைப் பார்க்க முடியாது; ஆனால் சந்துகள் ஓய்ந்திருப்பதால் தனியாக நடக்க வாரத்திலேயே நல்ல பொழுது அதுதான். ரமலானில் நகரம் தாமதமாக விழித்து மாலையில் நோன்பு திறக்கும் நேரத்தில் முற்றாக வெறிச்சோடிவிடும். ஜூலை, ஆகஸ்டு வெயிலில் காலை எட்டரை மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடிக்காத எந்த நடையும் துன்பமே. தோல் தொட்டிகளில் வேலை மும்முரமாக நடப்பதும் காலையில்தான்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இரண்டு இரவு தங்கும் இருவருக்கோ நால்வருக்கோ நான் சொல்லும் ஏற்பாடு இது: முதல் முழுநாளின் காலையில், உரிமம் பெற்ற தனி வழிகாட்டி, அரைநாள் மட்டும், கடைகள் இல்லாமல். முழுநாளுக்கு அமர்த்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் நான்காம் மணி நேரத்துக்குப் பிறகு கேட்பவரின் கவனமும் சொல்பவரின் ஆர்வமும் தளர்ந்துவிடுகின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பகுதிதான் பெரும்பாலும் கடைகளுக்குப் போகிறது. மறுநாள் எந்தத் துணையும் இல்லாமல், முதல் நாள் அவசரமாகக் கடந்த இடங்களுக்குத் திரும்பிப் போகலாம். ஒற்றை ஆளாக, சிறு பணத்தோடு பயணம் செய்பவர் எட்டுப் பேருக்கு மேற்படாத குழு நடையைத் தேடிச் சேரலாம். மூன்று நான்கு நாள் தங்குகிறவர், முன்பே வரலாறு படித்துவிட்டு வருகிறவர், தெருவில் மறுத்துப் பேசத் தயங்காதவர் ஆகியோருக்கு வழிகாட்டி கட்டாயம் இல்லை. அவர்களும் ஆற்றுக்கு அப்பாலுள்ள அந்தலூசியர் கரைக்குப் போக மறக்கக்கூடாது. பெரும்பாலான சுற்றுகள் பாலத்தைத் தாண்டுவதே இல்லை என்பதால் அங்கே பயணிகள் குறைவு.

வழிகாட்டியிடம் பேசும்போது நடை முடியும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். வழக்கப்படி அவர் தொடங்கிய வாசலுக்கே திரும்ப அழைத்துவர முனைவார். அதற்குப் பதிலாக ஸஃபாரீன் சதுக்கத்தில் முடிக்கச் சொல்லி, கட்டணத்தையும் அங்கேயே கொடுத்து அனுப்பிவிட்டால், சுத்தியல் ஓசைக்கு நடுவே மரநிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே மதியத்துக்கு எந்தச் சந்து என்று நாமே தீர்மானிக்கலாம். ர்ஸீஃபில் டாக்சி பிடிக்க அங்கிருந்து சில நிமிட இறக்கம்தான்.